கொப்பி நிறைந்திருப்பது போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை முடிவில் பெற்றோர் பிள்ளையின் கொப்பியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பக்கங்கள் நிறைந்திருந்தால் "ரீச்சர் நல்லாப் படிப்பிக்கிறாங்க" என்கிறார்கள். குறைந்திருந்தால் முறைப்பாடு வருகிறது. நமது மலையகப் பாடசாலைகளில் குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் பழக்கம் ஒழியாததற்கு இது பெரிய காரணம். 2007 இல் தரம் 6, 10 ஆகியவற்றில் ஐந்து 'ஈ' முறை (ஆங்கிலத்தில் 'E' இல் தொடங்கும் ஈடுபடுதல், ஆராய்தல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல் என்ற ஐந்து படிகளில் கற்பிப்பது) வந்தபோதே செயற்பாட்டு வழிக் கற்றல் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது. வகுப்பறைக்குள் அது அரைகுறையாகத்தான் வந்தது.

"நீர் 100 பாகையில் கொதிக்கும்" என்று எழுதுவிக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வளிமண்டல அமுக்கம் குறைவு, அதனால் நீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். 100 என்பது கடல்மட்ட அமுக்கத்துக்கு உரிய எண். வீட்டில் பருப்பு அவியச் சுணங்குவதை நாளும் பார்க்கிற பிள்ளை, அதற்கும் வளிமண்டல அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அறியாமலே பரீட்சை எழுதிவிட்டுப் போகிறது.

இதை 40 நிமிடப் பாடவேளைக்குள் செய்து பார்க்கலாம். குழுவுக்கு நால்வர், ஒரு முகவையில் 100 மில்லிலீற்றர் நீர், மதுசார விளக்கு, முக்காலி, கம்பிவலை, 110 பாகை வரை காட்டும் வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைக் கொதிநீரில் இடவே கூடாது, வெடித்துவிடும். குளிர்ந்த நீரில் தொடங்கினால் பாதி நேரம் சூடேறுவதிலேயே போய்விடும். ஆசிரியர் கேத்தலில் சுடவைத்த நீரை ஊற்றிக் கொடுப்பது நல்லது. விளக்கை ஏற்றுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு: ஒருவர் வாசிக்க, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் குறிக்க, ஒருவர் வரைபில் புள்ளியிட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும், மற்ற மூவரும் முன்போலவே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வெப்பமானியின் குமிழ் முகவையின் அடியைத் தொட்டால் வாசிப்பு கூடும். நீருக்கு வெளியே எடுத்து வாசித்தால் குறையும். இவற்றைத் திருத்துவது சுலபம். பெரிய தவறு வேறு. வரைபு 94 இல் கிடையாகப் போகும்போது, பிள்ளை இறேசரை எடுத்து 94 ஐ அழித்துவிட்டு 100 என்று எழுதும்! புத்தகத்துக்குப் பயந்து கண்ணால் கண்டதை அழிக்கிற அந்த இடத்தில்தான் பாடமே இருக்கிறது. ஆசிரியர் உடனே விடையைச் சொல்லிவிடக் கூடாது. எல்லாக் குழுக்களின் வாசிப்புகளையும் கரும்பலகையில் எழுத வேண்டும். வெப்பமானிகளுக்கிடையே ஒரு பாகை வித்தியாசம் வரலாம். ஆனால் எல்லாமே 100 க்குக் கீழே நின்றால் பிள்ளைகளே காரணம் தேடுவார்கள். "சீக்கிரம் கொதித்தால் பருப்பும் சீக்கிரம் அவியும்தானே" என்று ஒருவர் கேட்பது நிச்சயம். கொதிநீரின் வெப்பநிலை குறைவு, அதனால் அவியத்தான் கூடுதல் நேரம் என்பதை அங்கே பேசலாம். பிரஷர் குக்கரையும் சேர்த்தே பேசிவிடலாம்.

கடைசி ஐந்து நிமிடம் கொப்பியை மூடிவிட்டு, மூன்று கேள்விகளுக்குத் துண்டுக் கடதாசியில் விடை எழுதட்டும். இதற்குச் செலவே இல்லை. ரோடிகர், கார்பிக்கே என்ற அமெரிக்க உளவியலாளர் இருவரும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் 81 வீதத்தை நினைவுகூர்ந்தார்கள். வாசித்தபின் பாராமல் எழுதியவர்கள் 75 வீதம். ஒரு வாரத்தின் பின் அது 42, 56 எனத் தலைகீழானது. குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதும், பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான்.

வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வரும் ஆசிரிய ஆலோசகர்கள் குறிப்புப் பக்கங்களை எண்ணாமல், அந்த ஊகத்தையும் வரைபையும் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஆய்வுகூடம் இல்லாத தோட்டப் பாடசாலைகளுக்குக் குழுவுக்கு ஒன்றாக வெப்பமானிகளாவது கிடைக்க வழி செய்ய வேண்டும்.

விஞ்ஞான ஆசிரியர்,
நுவரெலியா