பழைய ஃபிளாஷைச் சோதித்துவிட்டு மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபிலிம் காலத்து ஃபிளாஷைத் தயவுசெய்து டிஜிட்டல் கேமராவில் அப்படியே மாட்டிவிடாதீர்கள். சிலவற்றின் டிரிகர் வோல்டேஜ், அதாவது கேமராவைத் தொடும் முனைகளில் இருக்கும் மின்னழுத்தம், 200 வோல்ட்டையும் தாண்டும். கேமராவின் மின்சுற்றே கருகிவிடலாம். புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரை டிசி வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை ஃபிளாஷ் அடியிலுள்ள நடுப் புள்ளியிலும் கறுப்பு முனையை ஓரத் தகட்டிலும் தொட்டுப் பாருங்கள். கேமரா கையேட்டில் வரம்பு இல்லையென்றால் 6 வோல்ட்டைத் தாண்டியதை மாட்டவே வேண்டாம்.

படத்தில் ஒரு ஓரம் கறுப்புப் பட்டை விழுந்தால் ஃபிளாஷ் பழுதில்லை, ஷட்டர் வேகம்தான் கூடிவிட்டது. ஒளி பாயும்போதே ஷட்டரின் இரண்டாம் திரை, அதாவது மூடும் திரை, சென்சாரின் ஒரு பகுதியை மறைத்துவிடுகிறது. வேகத்தை 1/160 நொடிக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமராவில்) ஃபிளாஷ் எரியவே இல்லையென்றால் முதலில் சத்தமின்றிப் படமெடுக்கும் சைலன்ட் ஷட்டரை அணையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஒளிப்படக்காரர்