ஜப்பான் ஊர்ப் பெட்டிக்கடை மிட்டாய்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில், புதுச்சேரிக் கடைகளில் விற்கும் ஜப்பான் மிட்டாய்களைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பணக்காரப் பிள்ளைகளின் ஆடம்பரம், நம் ஊர்ப் பண்டம் இருக்க இது எதற்கு என்று கேட்டிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பாண்டியில் ஒரு கடையில் உள்ளங்கை அளவுப் பாக்கெட்டுக்கு 350 ரூபாய் விலை போட்டிருந்ததைப் பார்த்து நானும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஆனால் அதே பண்டம் சொந்த ஊரில் யார் கையில் இருக்கிறது என்று இப்போது தெரிந்துகொண்டேன். தெரிந்தபின் சும்மா இருக்க மனம் வரவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் 28 வருடமாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். கமர்கட்டு, தேன் மிட்டாய், சூட மிட்டாய், இலந்தை வடை, சீரக மிட்டாய் எல்லாம் ஜாடி ஜாடியாக இருக்கும். என் அண்ணன் மகன் ஜப்பானில் ஒசாகா நகரத்தில் வேலை பார்க்கிறான். இந்தப் பொங்கலுக்கு வந்தவன், "அத்தை, உங்களுக்குன்னே பொறுக்கி எடுத்தேன்" என்று ஒரு பை நிறைய மிட்டாயைக் கடைப் பலகையில் கொட்டினான். மிட்டாய் விற்பவளுக்கு மிட்டாய் வாங்கி வந்தவன் அவன் ஒருவன்தான்.

அந்த ஊரில் இந்த மாதிரிச் சில்லறைப் பண்டங்களுக்கு என்றே ஒரு பெயர் உண்டாம், தகாஷி. பிள்ளைகள் கையில் இருக்கிற காசுக்கு வாங்கித் தின்பது. அதில் ஒன்று உமாய்போ. சோளப் பொரியைக் குழலாக நீட்டிய மாதிரி, நடுவில் ஓட்டை, மேலே மசாலாத் தூள். 1979-ல் வந்த பண்டம், விலை 10 யென். நம் காசுக்கு ஆறு ரூபாய்கூட வராது. 2022 வரைக்கும் அதே 10 யென்தான். அப்புறம் 12 ஆக்கினார்கள், 2024-ல் 15 ஆனது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே விலை என்று அவன் சொன்னபோது, குழலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது என்ன பாடு என்று மிட்டாய் விற்றவர்களுக்குத்தான் தெரியும். 2011-ல் நாலணா செல்லாமல் போனது. தானே புயல் அடித்ததும் அதே வருடம்தான், ஜாடிகளில் பாதி அதில் போயிற்று. நாலணா மிட்டாய் எட்டணாவானது, பிறகு ஒரு ரூபாய். விலை ஏறாத வருடங்களில் மிட்டாய் இளைத்தது. "ஆயா, போன தடவ பெருசா இருந்துச்சே" என்று பிள்ளைகள் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்?

பையில் எனக்கு ரொம்பப் பிடித்தது போன்டான் அமே. கியூஷு தீவில் ககோஷிமா என்ற ஊரில் செய்வது. போன்டான் என்றால் நம் பம்பளிமாஸ், அமே என்றால் மிட்டாய். தீப்பெட்டி மாதிரிப் பெட்டிக்குள் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஓரத்தைப் பல்லில் கடித்து இழுத்தேன், மிட்டாயோடு சேர்ந்து இழுபட்டது. "உரிக்காதீங்க அத்தை, அப்படியே வாயில போடுங்க" என்றான். போட்டேன். தாள் நாக்கில் பட்டதும் ஒட்டிக்கொண்டது, பிறகு இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. மாவுப் பொருளில் செய்த தாளாம், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சுற்றுகிறார்களாம். உள்ளே பசையரிசி மாவு, கொழுக்கட்டை மாவைவிட மெத்தென்று, ஜவ்வு மிட்டாய் அளவுக்கு இழுக்காமல் இருந்தது. கடைசியில் பம்பளிமாஸ் தோல் வாசனை மூக்கில் ஏறியது. என் அம்மா வீட்டுக் கொல்லையில் பம்பளிமாஸ் மரம் இருந்தது. அந்த வாசனையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் முகர்ந்ததில்லை.

கொன்பெய்தோ என்று இன்னொன்று. குண்டூசித் தலையைவிடப் பெரிய, உடம்பெல்லாம் முள் முளைத்த சர்க்கரை உருண்டைகள், வெளிர் ரோஸ், மஞ்சள், பச்சை நிறங்களில். 1569-ல் லூயிஸ் ஃப்ரோய்ஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் கியோட்டோவில் ஓடா நோபுநாகா என்ற பெரிய தலைவருக்கு ஒரு கண்ணாடிக் குப்பியில் இதைக் கொடுத்திருக்கிறார். பெயரே போர்த்துக்கீசியச் சொல்தான். போர்த்துக்கீசியப் பரங்கியர் வந்த பரங்கிப்பேட்டை நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது, கேட்கும்போதே ஏதோ சொந்தக்காரர் பேச்சு வந்த மாதிரி இருந்தது. சாய்வாகச் சுற்றும் பெரிய கடாயில் குருணையைப் போட்டு, அடியில் சூடு காட்டி, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி உருட்டிக்கொண்டே இருந்தால்தான் அந்த முள் வருமாம். இரண்டு வாரம் ஆகுமாம். நம் சீரக மிட்டாயும் பாகு ஏற ஏற உருண்டு பெருப்பதுதான், ஆனால் ஒரு கடுகளவு மிட்டாய்க்கு இரண்டு வாரம் நிற்கிற பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ராமுனே மிட்டாய் சின்னப் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் வருகிறது. ராமுனே என்பது அவர்கள் ஊர்க் கோலி சோடா. லெமனேட் என்ற சொல் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. 1870-களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த அதே கோலி பாட்டில்தான் இங்கேயும் வந்தது, அங்கேயும் போனது. மிட்டாயில் பெரும்பகுதி குளுக்கோஸ் என்பதால் வாயில் போட்டதும் ஜில்லென்று இருக்கும்.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். காடியில் ஊறிய கடற்பாசித் துண்டு எனக்கு ஒத்துவரவில்லை. என் வீட்டுக்காரர்தான் தின்று தீர்த்தார்.

பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். உப்பும் புளிப்புமான பிளம் மிட்டாயை வாயில் போட்ட ஒரு பெண், "ஆயா, இலந்தை வடை!" என்று கத்தினாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிட்கேட் எடுத்து வைத்தேன். அந்தப் பெயர் ஜப்பான்காரர் காதுக்குக் 'கண்டிப்பாக ஜெயிப்பாய்' என்கிற மாதிரிக் கேட்குமாம். அதனால் பரீட்சை சமயத்தில் வாங்கிக் கொடுப்பார்களாம். உறையில் வாழ்த்து எழுத இடம்கூட விட்டிருக்கிறார்கள். பாடலீஸ்வரர் கோயில் திருநீற்றோடு என் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜெலட்டின் சேர்த்த ஜவ்வு வகைகளை மட்டும் கொடுக்கவில்லை, வீட்டில் கேட்காமல் கொடுப்பது முறை இல்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். பாக்கெட்டில் 25.11.08 என்று பார்த்துவிட்டு, 2008-ல் கெட்டுப்போனது என்று ஒன்றை நான் குப்பையில் போடப் போனேன். அங்கே வருடத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். அது 2025 நவம்பர் 8. இன்னொன்று, அரிசி வறுவல் பாக்கெட்டுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் இருக்கும். சிலவற்றில் இருப்பது சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் பட்டால் கொதிக்கும். குழந்தை கைக்கு எட்டாமல் எடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஏக்கமே வந்தது. கடல் காற்றில் நம் முறுக்கும் பொரியுருண்டையும் இரண்டே நாளில் நமத்துப்போகின்றன. கார்த்திகை மழையில் தேன் மிட்டாய் கசிந்து ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். எனக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரியிடம், இது எந்த ஊரில் செய்தது, என்றைக்குச் செய்தது என்று பல தடவை கேட்டிருக்கிறேன். "பசங்க திங்கிறதுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்பதுதான் பதில். அங்கே ஒன்பது ரூபாய்க் குழலுக்கும் தேதி இருக்கிறது. முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு என்று ஒவ்வாமை தரக்கூடிய சில பொருட்களில் எது சேர்ந்திருந்தாலும் எழுதியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தின்பது பிள்ளைகள் என்பதால்தான் எழுத வேண்டும் என்று அங்கே நினைக்கிறார்கள். கமர்கட்டுக்கும் அந்த மரியாதை வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் நம் மாவட்டத்து மிட்டாய் செய்கிறவர்களைப் பற்றி எழுதுங்கள் ஐயா. வெல்லப் பாகில் கை சுட்டுக்கொண்டு கமர்கட்டு உருட்டுகிறவர்கள் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அவர்கள் கைப்பண்டத்தை 28 வருடமாக விற்றுச் சாப்பிடுகிறேன்.

அந்த வாசகர் கடலூர்ப் பக்கம் வந்தால் என் கடைக்கு அவசியம் வர வேண்டும். அவருக்கென்று ஒரு பெட்டி போன்டான் அமே பிரிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். தாளை உரிக்காமல் வாயில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைக்காரி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்-2.