காருகுறிச்சிக்கு ஒரு பொதுச் சூளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பகுதிகளில் வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைத்தவன் நான். வேலையை விட்ட பிறகும் பழுதான மேசை விளக்குகளை என்னிடம் கொண்டுவருகிறார்கள். புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாக வந்த செராமிக் விளக்குகளே அவற்றில் அதிகம். அவற்றைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: இவற்றைக் காருகுறிச்சி மண்பாண்டத் தொழிலாளர்கள் இன்னும் நன்றாகச் செய்வார்கள். வெப்பத்தை அளந்து சுடக்கூடிய ஒரு பொதுச் சூளையும், கிளேஸ் என்னும் மினுமினுப்புப் பூச்சைப் பூசும் பயிற்சியும் கிடைத்தால் போதும். மாவட்ட நிர்வாகம் இதைச் செய்து தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அண்மையில் பாளையங்கோட்டை வீடு ஒன்றிலிருந்து வந்த விளக்கைச் சொல்கிறேன். கருநீல கிளேஸ், உடம்பெல்லாம் வரிவரியாக மேடுபள்ளம், பார்க்க அழகுதான். கையால் செய்தது என்று சீட்டு ஒட்டி விற்றிருக்கிறார்கள். ஆனால் கழுத்திலிருந்து அடிவரை நகத்தால் தடவினால் இரண்டு அச்சுகள் சேர்ந்த தடம் நேராக ஓடுகிறது. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுத்த கலம் அது. அச்சு வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. அதைக் கைவேலை என்று விற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. அதைவிட மோசம் அடிப்பக்கம். வயர் நுழையும் துளையின் விளிம்பில் கிளேஸ் கூராக இறுகியிருந்தது. வயர் உரசாமல் காக்கும் ரப்பர் புஷ் இல்லை. வயர் இழுபடாமல் இருக்க உள்ளே ஒரு முடிச்சுகூடப் போடவில்லை. உறை அறுந்து செம்பு வெளியே தெரிந்தது. செராமிக்கில் மின்சாரம் பாயாது என்று நம்பிச் சிலர் கவனிக்காமல் விடுகிறார்கள். உள்ளே நிற்கும் பித்தளைக் குழாயிலும் ஹோல்டரிலும் பாயுமே!

கிளேஸ் என்பது ஒருவகைக் கண்ணாடி. சிலிக்கா, அதை உருகவைக்கும் பொருள், உருகியது வழிந்துவிடாமல் பிடிக்கும் அலுமினா ஆகியவற்றை நீரில் கலக்கி, ஒருமுறை சுட்ட கலத்தின்மேல் பூசி மறுபடியும் சுடுகிறார்கள். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் மினுமினுப்பும் இதுதான். சொரசொரப்பான கலத்தில் இந்தப் பூச்சு மேட்டில் மெலிந்து அடிமண்ணைக் காட்டும், பள்ளத்தில் தேங்கி அடர்ந்து நிற்கும். ஒரே பச்சைக்குள் பல பச்சை தெரிவது அதனால்தான். விளக்கைப் போட்டதும் மேலிருந்து சரிந்து விழும் வெளிச்சம் ஒவ்வொரு வரிக்குக் கீழும் மெல்லிய நிழல் போடும். வழவழப்பான கலத்தில் இந்த அழகு வராது.

இந்த மேடுபள்ளம் நம் ஊர்க் கைகளுக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் 2004-05இல் நடந்த அகழாய்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. பெண், கொக்கு, மான் ஆகிய உருவங்களைக் களிமண்ணால் தனியே செய்து அதில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே 2023 ஆகஸ்டில் திறந்த அருங்காட்சியகத்தில் தாழிகளைப் புதைத்த இடத்திலேயே, கண்ணாடித் தளத்தின் மேல் நின்று பார்க்க முடிகிறது. பார்த்துவிட்டு வருகிறவர் கையில் வாங்கிக்கொண்டு போக இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரை மண்ணில் செய்த ஒரு விளக்கு இருக்க வேண்டாமா?

தடை சூளையில் இருக்கிறது. பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விறகும் மட்டையும் வைக்கோலும் இட்டு மூடிச் சுடுவது நம் வழக்கம். கிளேஸ் பூசிய கலங்கள் ஒன்றையொன்று தொட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். தட்டுகள் வைத்துத் தனித்தனியாக நிறுத்த வேண்டும். புகையும் சாம்பலும் படக் கூடாது. நம் குளத்து மண்ணில் இரும்புச்சத்து இருப்பதால்தான் சுட்டதும் சிவக்கிறது. அதே மண்ணை 1200 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் கலம் உருக்குலைந்துவிடும். ஆகவே 1000 முதல் 1050 டிகிரிக்குள் உருகும், ஈயம் கலக்காத கிளேஸைப் பழக வேண்டும். அல்லது அதிகச் சூடு தாங்கும் வேறு களிமண்ணைக் கலக்க வேண்டும். ஆறும்போது மண்ணும் பூச்சும் ஒத்துச் சுருங்காவிட்டால் மேலே மயிரிழை வெடிப்புகள் விழும். இதையெல்லாம் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர் தம் கைக்காசில் சோதித்துப் பார்க்க முடியாது. விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து பயிற்றுநர்களை வரவழைக்கலாம். குளத்து மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் ஏற்பாடு 2024இல் வந்ததை வரவேற்கிறேன். ஆனால் மண் கிடைத்த பிறகும் பொங்கல் பானைக்கும் பூந்தொட்டிக்கும் உள்ள விலைதான் அவர்களுக்குக் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளிச் சூளையும் அணைந்துவிடுகிறது. கூரைக்குக் கீழே எரிவாயுச் சூளை ஒன்று இருந்தால் அந்த மாதங்களிலும் சுட முடியும்.

விளக்குக்கென்று சில கணக்குகள் உண்டு. சுட்ட பிறகு துளை போட்டால் கலம் வெடித்துவிடக்கூடும். பாதி காய்ந்த நிலையிலேயே போட வேண்டும். காய்ந்து, சுட்டு முடிக்கையில் மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால் குழாயின் அளவைவிடத் துளை பெரிதாக இருக்க வேண்டும். அடி கனமாக இருந்தால் விளக்கு சாயாது. பல்பைச் சுற்றி மேலே போடும் கூட்டுக்குப் பத்தமடைக் கோரைப் பாயைப் பயன்படுத்தலாம். அந்தக் காலக் குண்டு பல்பின் சூட்டில் கோரை கருகியிருக்கும், இன்றைய எல்.இ.டி. பல்பில், கோரை படாமல் சற்று இடைவெளி விட்டால் அந்தப் பயம் இல்லை. பத்தமடையும் காருகுறிச்சியும் சேரன்மகாதேவிக்குப் பக்கத்து ஊர்கள். இந்த இரண்டு ஊர்க் கைவேலையும் ஒரே மேசையில் நிற்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த ஆசை.

மாவட்டத் தொழில் மையம் காருகுறிச்சித் தொழிலாளர்களை அழைத்துப் பேசி, சூளைக்கு இடம் பார்க்கட்டும். ஹோல்டர் பொருத்தி வயரிங் செய்வதை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். வீரவநல்லூரிலிருந்து காருகுறிச்சி அடுத்த ரயில் நிலையம்தான். அழைத்தால் கருவிப் பையோடு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வயர்மேன்,
வீரவநல்லூர்.