பெடலை மாற்ற வேண்டாம், மக்கா

தக்கலை
ஆவணி

அன்பு மக்கா,

போனில் பேசினால் பாதி விட்டுப்போகுது, பைய உட்கார்ந்து எழுது என்றாய். எழுதுகிறேன். முதலில் நீ கேட்ட காரியம்: வண்டி சரியாகிவிட்டது. ஆக்ஸிலேட்டர் பெடல் வாங்க ரூபாய் ஒன்றும் அனுப்ப வேண்டாம். தம்பி ஆர்டர் கொடுக்கப் போனான், நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

தம்பி உன்னிடம் அரைகுறையாகச் சொல்லியிருப்பான். அம்மையைக் கண் டாக்டரிடம் காட்டக் கூட்டிப் போகிற வழியில், மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டிக்கு இழுவை போய்விட்டது. பெடலைத் தரையோடு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் கேரளா பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்திருக்கிறான். ஓரம் கட்டி, சாவியை அணைத்துப் போட்டதும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகும் மழை பெய்த மறுநாளெல்லாம் இதே கூத்து. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் போட்டுப் பார்த்ததில் பி2138 என்று கோட். "பெடல் போச்சு, செட்டோட மாத்தணும், சென்சார் தனியா கிடைக்காது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோட் சொல்வது இவ்வளவுதான்: பெடலில் உள்ள இரண்டு சென்சாரும் தரும் வோல்டேஜ் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எது பொய் சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பதெல்லாம் அதில் கிடையாது. கோட்டை வாசித்துவிட்டுப் பொருளை மாற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வரும். நாம் கோணம் ஐடிஐயில் படித்த காலத்தில் ஸ்கேனர் ஏது? மீட்டரும் டெஸ்ட் லேம்பும்தான். டெஸ்ட் லேம்பை இந்த வயர்கள் பக்கம் கொண்டுபோகவே கூடாது, கேட்டியா. அது இழுக்கிற கரண்டை ஈசிஎம், அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர், தாங்காது.

ஒரு பெடலுக்கு எதுக்குடே ரெண்டு சென்சார் என்று கேட்டிருந்தாய். உனக்கு ஓர்மை இருக்கா, குலசேகரத்திலிருந்து வந்த ஜீப்பில் ஆக்ஸிலேட்டர் கேபிள் அறுந்து, டிரைவர் சணல் கயிற்றைக் கட்டி ஜன்னல் வழியாகக் கையால் இழுத்தே நம்மைப் பேச்சிப்பாறை கொண்டு சேர்த்தது? இப்போது இழுக்கக் கயிறும் இல்லை, கேபிளும் இல்லை. கால் எவ்வளவு அமுக்குகிறது என்பதைச் சென்சார் வோல்டேஜாக்கிச் சொல்கிறது. அதைப் பார்த்து எவ்வளவு டீசல் விடுவது என்று ஈசிஎம் முடிவு செய்கிறது. அந்த ஒரு சென்சார் தப்பாகச் சொன்னால் மிதிக்காமலே வண்டி பாயும். அதனால்தான் ஒரே கேஸுக்கு இரண்டு சாட்சி. சாட்சிகள் முரண்பட்டால் ஈசிஎம் யாரையும் நம்பாது. வண்டியை ஊர்ந்து வீடு சேரும் அளவுக்கு மட்டும் ஓடவிடும். லிம்ப் மோடு என்பது அதுதான்.

பெடலில் வயர்களை இணைக்கிற கப்ளரில் ஆறு வயர் வரும். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு 5 வோல்ட், ஒரு எர்த், ஒரு சிக்னல். உன் வண்டியில் முதல் சிக்னல் காலை எடுத்த நிலையில் முக்கால் வோல்ட் அளவில் தொடங்கி, முழுக்க மிதித்தால் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இரண்டாவது சிக்னல் எந்த நிலையிலும் முதலாவதில் பாதி இருக்கவேண்டும்.

ஒர்க்‌ஷாப் பையனும் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். கப்ளரைக் கழற்றி, 5 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா என்று பார்த்தான். இரண்டும் இருந்தன. அப்படியானால் பெடல்தான் போச்சு என்று முடித்துவிட்டான். கழற்றிய கப்ளரில் கரண்டே ஓடுவதில்லையே! கரண்டு ஓடாத இடத்தில் களிம்பு பிடித்த எர்த்தும் நல்ல எர்த் மாதிரிதான் காட்டும். மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 10 மெகா ஓம். அதன் முன்னால் ஒரு நூறு ஓம் களிம்பு கணக்கிலேயே வராது.

நான் கப்ளரை மாட்டியபடியே விட்டு, வயர் நுழைகிற பின்பக்கத்தில் மெல்லிய ஊசியைச் செருகினேன். இன்சுலேஷனைக் குத்தவில்லை. நம்ம ஊர் உப்புக்காற்றுக்கு ஒரு துளை போதும், ஒரு மழைக்காலத்தில் உள்ளே செம்பு பச்சையாகிவிடும். மீட்டரின் கறுப்பு லீடை நீள வயர் போட்டு பேட்டரி நெகட்டிவிலேயே கட்டினேன். எஞ்சின் ஓடவில்லை, சாவி மட்டும் ஆன்.

இரண்டு 5 வோல்ட்டும் சரி. முதல் சிக்னல் 0.75, மிதிக்க மிதிக்க தடங்கல் இல்லாமல் ஏறி 3.9. இரண்டாவது 0.37 அளவில் இருக்க வேண்டியது, 0.60 காட்டியது. முழுக்க மிதித்தால் 1.95க்குப் பதில் 2.10. பாத்துக்கோ, கால் எடுத்த நிலையில் வித்தியாசம் 0.23, முழுக்க மிதித்தால் 0.15. மேலே போகப்போக வித்தியாசம் குறைகிறது என்றால் கோளாறு எர்த் பக்கம். தரைமட்டமே உயர்ந்துவிட்டது, உச்சி 5 வோல்ட்டிலேயே நிற்கிறது. 5 வோல்ட் பக்கம் குறைந்திருந்தால் மேலே போகப்போக வித்தியாசம் கூடியிருக்கும்.

அடுத்து அந்தச் சென்சாரின் எர்த் பின்னில் (pin) சிவப்பு லீடை வைத்தேன். கால் வோல்ட்! ஒழுங்கான எர்த்தில் சில மில்லிவோல்ட்தான் வரவேண்டும், 0.1ஐத் தாண்டினாலே சந்தேகப்படலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், கறுப்பு லீடைப் பேட்டரியில் வைக்காமல் அந்த எர்த் பின்னிலேயே வைத்துச் சிக்னலைப் பார்த்தால் 0.35 காட்டுகிறது. ஏறக்குறைய சரியான கணக்கு. கெட்டுப்போன எர்த்தை வைத்தே அளந்தால் அது கெட்டது எப்படித் தெரியும்?

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். டிரைவர் கால் பக்கத்து ஓரப் பலகைக்குப் பின்னால் இன்னொரு கப்ளர். அதற்கு இந்தப் பக்கம் கால் வோல்ட், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கழற்றினால் ஒரு பின் பாசிப் பச்சையாக இருக்கிறது, கப்ளருக்குள் ஈரம்.

வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று நீயே யோசி. வண்டியை அம்மை எங்கே நிறுத்தச் சொல்கிறாள்? பிலாமரத்து அடியில். வைப்பருக்குக் கீழே வெள்ளம் வடிகிற துளை முழுக்கப் பிலா இலை மக்கிக் கிடந்தது. ஆடி மழையில் அங்கே தேங்கி, வயர் நுழைகிற ரப்பர் வழியாகப் பைய உள்ளே இறங்கியிருக்கிறது. மிதியடியைத் தூக்கினால் அடியில் நல்ல ஊறல். கப்ளரைக் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, அந்தப் பின்னை மட்டும் புதிதாக வெட்டிப் போட்டேன். எர்த் 4 மில்லிவோல்ட்டுக்கு வந்தது, இரண்டாவது சிக்னலும் பாதியில் வந்து நின்றது. கோட்டை அழித்த பிறகு மழையிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. பின் வெட்டியதைவிட இலை வாரியதுதான் பெரிய வேலை. அம்மையிடம் வண்டியை மாற்றி நிறுத்தச் சொன்னால், "வெயிலு அடிக்கும்லா மக்களே" என்கிறாள். நீ சொல்லிப் பார்.

அங்கே உன்னோடு தங்கியிருக்கிறவரின் வண்டிக்கும் பெடல் கோட் வருகிறது என்று எழுதியிருந்தாய். நான் சொன்ன எண்களை அப்படியே அதில் வைத்துப் பார்க்காதே. சில ஜப்பான் வண்டிகளில் இரண்டாவது சிக்னல் பாதியாக இராது. முதலாவதைவிட 0.8 வோல்ட் அளவுக்குக் கூடுதலாக, அதே இடைவெளியோடு கூடவே ஏறும். ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்க்கவும் அவசரப்படாதே. உரசி ஓடுகிற பழைய பொட்டென்ஷியோமீட்டர் வகைக்கு அது சரி. உரசாமல் காந்தத்தை வைத்து அறிகிற ஹால் வகைக்கு உள்ளே ஐசி சிப் இருக்கிறது, ஓம் அளந்து ஒன்றும் தெரியாது. வோல்டேஜ்தான் இரண்டுக்கும் பொது. 5 வோல்ட்டே குறைவாக இருந்தால் உடனே பெடலைத் திட்டாதே. பல வண்டிகளில் அந்த லைனை வேறு சென்சார்களும் பங்கு போடும், ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாம் விழும். ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது 5 திரும்பி வருகிறது என்று பார்.

பெடலைப் பைய மிதிக்கும்போது நடுவில் ஒரு கணம் வோல்டேஜ் விழுந்தெழுவதை டிஜிட்டல் மீட்டர் பல சமயம் காட்டாது. குறைந்த அளவையும் கூடிய அளவையும் பிடித்து வைக்கிற Min/Max பட்டன் இருந்தால் போட்டுக்கொள். ஒரு வோல்ட்டுக்கு 20 கிலோ ஓம் உள்ள முள் மீட்டர் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. அந்த வேலைக்கு அதுதான் எனக்கு இஷ்டம், முள் துடித்தால் கண்ணுக்குத் தப்பாது.

ஊரில் வேறு விசேஷம் பெரிதாக இல்லை. ஓணம் நெருங்குவதால் தோவாளையில் பூ விலை தொட முடியவில்லை. ரப்பர் விளையில் மழை விட்டால்தான் பால் வெட்டு. நாலுவழிச் சாலை வேலை இன்னும் நடக்கிறது, நீ வருவதற்குள் முடியும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். அம்மைக்குக் கண்ணில் புரை முற்றவில்லையாம். மழை போனபிறகு ஆப்பரேஷன் வைக்கலாம் என்றிருக்கிறார் டாக்டர். தேதி முடிவானால் உன் லீவைப் பார்த்துச் சொல். கூட்டிப் போக நான் இருக்கிறேன், ஆனால் நீ பக்கத்தில் இருப்பதைத்தான் அவள் விரும்புவாள்.

வரும்போது அங்கே கிடைத்தால் வயர் பின்னால் செருகுகிற மெல்லிய புரோப் ஒரு செட் வாங்கி வா. தையல் ஊசி கையில் குத்துகிறது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்