தியத்தலாவைக்கு விண்ணப்பிக்க நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தியத்தலாவையில் இலங்கை இராணுவத்தின் அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாமா, அப்படிப் போனால் குத்துச்சண்டையைக் கைவிட வேண்டி வருமா என்று கேட்டிருந்தாய். முதற்கேள்வியில் உன் அப்பாவுக்கு இருக்கும் தயக்கம் நம் தோட்டங்களில் பல வீடுகளிலும் உள்ளதுதான். அதை நீயே அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டாவது கேள்விக்கு, இந்தியக் குத்துச்சண்டை வீரர் கப்டன் ஹவா சிங்கின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

இன்றைய ஹரியானாவில் 1937 இல் பிறந்த அவர், 1956 இல் இந்திய இராணுவத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்த உணவும் ஒழுங்கும் பயிற்சி நேரமுமே அவரைக் குத்துச்சண்டை வீரராக வளர்த்தன. ஆனால் கொடுத்த இராணுவமே தடுத்ததும் உண்டு: 1962 ஆசிய விளையாட்டு விழாவுக்கு அவர் தகுதி பெற்றிருந்தும், சீனாவுடனான எல்லை நெருக்கடியால் ஜகார்த்தாவுக்குப் போக முடியவில்லை. ஒரு வீரனுக்கு நான்கு ஆண்டு என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று உனக்குத் தெரியும். அவர் கடமையையும் விடவில்லை, பயிற்சியையும் விடவில்லை. 1966 இலும் 1970 இலும் பாங்கொக்கில் நடந்த விழாக்களில் அதிபாரப் பிரிவின் தங்கத்தை வென்றார். அடுத்தடுத்த இரண்டு ஆசிய விழாக்களில் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் இன்றுவரை வேறெவரும் இல்லை. அன்று 81 கிலோவுக்கு மேற்பட்ட எல்லோரும் அந்த ஒரே பிரிவில்தான் மோதினார்கள் என்பதால், எதிரே நிற்பவர் எத்தனை கிலோ கூடியவராயினும் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்றுகள் தாக்குப்பிடித்தாக வேண்டும். தேசிய அளவில் அந்தப் பிரிவை அவர் தொடர்ந்து 11 முறை தன்வசம் வைத்திருந்தார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதற்குப் பின் வந்த காலம். சீருடையைக் கழற்றிய பிறகு பிவானியில் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டு, அந்த ஊரில் குத்துச்சண்டையை வேரூன்றச் செய்தார். 2008 இல் பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பதக்கத்தை வென்ற விஜேந்தர் சிங் பிவானிக்காரர். அதைக் காண ஹவா சிங் இருக்கவில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது அறிவிக்கப்பட்டும், அதைக் கையில் வாங்கச் சில நாட்களே இருந்தபோது, 2000 ஆகஸ்டில் காலமானார்.

ஆகவே விண்ணப்பி, பயிற்சியையும் தொடர். இன்னொன்று: தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் நீ பழகும்போது, கையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு உன்னைப் பார்த்துச் செய்யும் அந்த இரண்டு சிறுவர்களைக் கவனித்திருப்பாய். இடது கையால் குத்திவிட்டுத் திரும்ப இழுக்கும்போது உன் முட்டி தாடைக்கு வராமல் நெஞ்சளவில் நின்றுவிடுகிறது. அவர்களும் அப்படியே செய்கிறார்கள். முதலில் உன் கையைத் திருத்திக்கொள். தியத்தலாவையிலிருந்து அழைப்பு வரும்வரை, மாலையில் ஒரு மணி நேரமாவது அவர்களுக்கும் சொல்லிக்கொடு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்