'உள்ளிட்டோர்' எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், கர்நாடக இசையையும் ஜாஸையும் கலந்து வாசித்த 'சக்தி' குழுவைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் படிக்க உட்கார்ந்தேன். நாலாவது பத்தியில் 'மெக்லாக்லினின் கிட்டாருக்கும் சங்கரின் வயலினுக்கும் பக்கவாத்தியமாகத் தபலாவும் கடமும் அமைந்தன' என்று ஒரு வரி. அதற்கு மேல் ஓடவில்லை.

அமைந்தனவாம்! 1975 ஜூலையில் அமெரிக்காவில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் வாசித்த கச்சேரிதான் அவர்களுடைய முதல் ஆல்பம் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கட்டுரையை எழுதியவர் அதை ஒரு தடவை கேட்டிருந்தால் கை தவறிக்கூட 'பக்கவாத்தியம்' என்ற வார்த்தை வந்திருக்காது. ஜாஸ் ஆளான மெக்லாக்லின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) பேச வேண்டும் என்று கிட்டாரில் மெட்டுக்கு மெட்டு (ஃப்ரெட்) நடுவே கட்டையைக் குடைந்து வைத்துக்கொண்டவர். தாளச் சொற்களை வாயாலேயே சொல்கிற கொன்னக்கோலும் சொல்வார். அப்படிப்பட்டவர் கடம் வாசிக்கிற விநாயக்ராமைப் பக்கத்தில் உட்காரவைத்தது 'பக்கபல'த்துக்கா? தபலாவை மேடை நடுவுக்கு இழுத்துவந்த ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில்தான் காலமானார், அதற்குள் அவரையும் ஓரத்தில் உட்காரவைத்துவிட்டீர்கள். அப்புறம் அதே கச்சேரியில் மிருதங்கம் வாசித்த ராம்நாடு ராகவன் பெயர் உங்கள் முழுப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. விளம்பரத்துக்கு மட்டும் கால் பக்கம் இருந்தது.

பக்கவாத்தியம் என்பது மட்டமான சொல் என்று நான் சொல்லவில்லை, வங்கி வேலைக்கு நடுவே 22 வருஷம் கடம் வாசித்தவன் நான். ஒரு சபாவில் மைக் மூன்றுதான் இருக்கிறது என்றார்கள். மிருதங்கத்தின் மைக்கைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்தார்கள், அதுவும் வர்ணம் முடிவதற்குள் பழையபடி திரும்பிக்கொண்டது. மானாமதுரைக் கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தி, கும்கி என்கிற அந்த ஆழமான நாதம் வெளியே கேட்குமா என்று நானே காதைத் தீட்டிக்கொண்டு வாசித்தேன். தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற பகுதி) ஆரம்பித்ததும் பாதி சபை கேன்டீனுக்கு எழுந்தது, பாடகர் கைக்கடிகாரத்தைப் பார்க்க, மிருதங்கக்காரர் என்னைப் பார்க்க, அவசரமாக மோராவுக்கு, அதாவது முடிவுச் சொல்லுக்கு, வந்து முடித்தோம். மறுவாரம் விமர்சனத்தில் (எந்தப் பத்திரிகை என்று சொல்லவில்லை) 'கடம் பக்கபலம்' என்று இரண்டே வார்த்தை, என் பெயரும் தப்பு. பரவாயில்லை, அது நான். இவர்களுக்குமா?

1977-க்கு அப்புறம் ஆல்பமே இல்லாமல் நின்றுபோன குழு 20 வருஷம் கழித்து 'ரிமெம்பர் சக்தி' என்று திரும்பி வந்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். 2014-ல் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் போனபோது 'சக்தி'யைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. 2024-ல் குழுவுக்கு கிராமி விருது கிடைத்த அன்று மட்டும் முதல் பக்கம். அதிலும் தலைப்பில் ஷங்கர் மகாதேவன், ஜாகிர். செல்வகணேஷும் வயலின் கணேஷ் ராஜகோபாலனும் 'உள்ளிட்டோர்'. சென்னையில் அச்சாகிற பத்திரிகை, கஞ்சிரா வாசிக்கிற சென்னைக்காரரை 'உள்ளிட்டோர்' என்கிறது. விநாயக்ராமுக்கு 'பிளானட் டிரம்' ஆல்பம் வழியாக கிராமி எப்போதோ வந்துவிட்டது என்பதையும் அன்றைக்கு யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை போலும்.

சரி, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் திருத்தம் என்று ஒரு வரி. 'பக்கவாத்தியமாக' என்பதை எடுத்துவிட்டு, ராகவன் பெயரைச் சேர்த்தால் போதும். இந்த முறை எழுத்துப்பிழை இல்லாமல்.

சந்தாவை நிறுத்தப்போவதில்லை, பயப்பட வேண்டாம். வீட்டில் குறுக்கெழுத்துக்கு ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய வாசகன், மயிலாப்பூர்