வளைகாப்புக்கு மண்டபம் நிறைகிறது, பிள்ளை பெற்றபின் 31 நாளுக்கு ஆளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கர்ப்பிணிகளுக்கான சடங்குகளை இன்றைய பெண்கள் கைவிடுகிறார்கள் என்று போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் நான்கு பேர் வாசித்து, நான்கு விதமாகச் சண்டை பிடித்தோம். தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம், அதனால் சண்டைக்கு வேறு காரணம் தேடவேண்டி இருக்கவில்லை.

வளைகாப்பு நம் பரம்பரை வழக்கம் என்கிறார் கட்டுரையாளர். என் அம்மம்மா எட்டுப் பிள்ளை பெற்றவர், அவருக்கு யாரும் வளைகாப்புச் செய்யவில்லை. அம்மாவுக்கும் இல்லை. வளையலை நாங்கள் காப்பு என்றுதான் சொல்லுவோம். எங்கள் வீட்டில் ‘வளைகாப்பு’ என்ற சொல்லே தமிழ்நாட்டுப் படமும் தொலைக்காட்சி நாடகமும் பார்த்துப் பார்த்து வந்து ஏறியது. அங்கே அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண் மாமியார் வீட்டில் இருப்பாள், ஏழிலோ ஒன்பதிலோ கைநிறைய வளையல் அடுக்கி, சோறு வகைவகையாகச் சமைத்துப் போட்டு, முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். எங்கள் இலங்கையின் கிழக்கில் பெரும்பாலும் சீதன வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருகிறார். தங்கை இருப்பதே அம்மாவோடு. அவளை எங்கிருந்து எங்கே கூட்டிப்போவது, அறையிலிருந்து குசினிக்கா?

சரி, ஆசைக்குச் செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் அண்மையில் நான் போன ஒரு வளைகாப்பில், அந்தப் பிள்ளையை மூன்று மணித்தியாலம் கதிரையில் இருத்தி, வீடியோக்காரர் கேட்கக் கேட்கத் திரும்பவும் திரும்பவும் சந்தனம் பூசினார்கள், கடைசியில் அவள் எழும்பியபோது கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. காப்புச் சத்தம் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்குமாம். ஏழாம் மாதத்தில் பிள்ளைக்குக் காது கேட்பது உண்மைதான், ஆனால் அன்றைக்கு அது கேட்டதெல்லாம் டீஜே போட்ட பாட்டு. (சாஸ்திரத்தில் உள்ள புஞ்சவனம் பற்றிக் கட்டுரையாளர் பெருமையாக எழுதியிருந்தார். அது ஆண்பிள்ளை வேண்டிச் செய்வது. இரண்டு பெண்களைப் பெற்ற எங்கள் அம்மாவிடம் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.)

நான் சடங்குக்கு எதிரி இல்லை. 2019 டிசம்பர் 26 காலை சூரியகிரகணம் வந்தபோது எனக்கு எட்டாம் மாதம். ஊர் முழுக்க வளையச் சூரியனைப் பார்க்க வெளியே நிற்க, அம்மா யன்னல் இடுக்கெல்லாம் பழைய சேலை அடைத்து என்னை உள்ளே வைத்துவிட்டார். சாப்பிடக்கூடாது, கத்தி தொடக்கூடாது, ஊசி தொடக்கூடாது. எனக்கோ கர்ப்பகாலச் சீனி வருத்தம், நேரத்துக்கு இன்சுலின் போட்டுச் சாப்பிட்டே ஆகவேண்டும். கிரகணத்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது, நான் பசி கிடந்தால்தான் வரும் என்று டாக்டர் முதலே சொல்லியிருந்தார். அம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “ஊசியை நான் போடுறன், நீ கண்ணை மூடிக்கொண்டிரு” என்றார். நான் ஊசி தொடவில்லை என்று கணக்கு! பிறகு அந்த இருட்டுக்குள்ளேயே ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தந்தார். இப்படி வளைந்துகொடுக்கிற சாஸ்திரம் என்றால் எனக்குச் சம்மதம்.

கட்டுரையில் ஒரு வரிகூட வராதது பிள்ளை பிறந்த பிறகு வரும் 31 நாள். அதைத் துடக்கு, அதாவது தீட்டு, என்பார்கள்; அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது, பெற்றவள் என்ன அழுக்கா? ஆனால் அந்த 31 நாளும் அடுப்படிப் பக்கம் போகவிடாமல், வருகிற போகிறவர்கள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவிடாமல் என்னைக் காத்தது அதுதான். எனக்குச் சீசர் ஆபரேஷன். காயம் ஆறியபிறகுதான் நொச்சியும் ஆடாதோடையும் வேப்பிலையும் அவித்த தண்ணீர் வார்த்தார்கள். அந்த வாசத்தோடு நித்திரை கொண்டதுபோல் அதற்குப் பிறகு நான் நித்திரை கொண்டதே இல்லை. மல்லி, மிளகு, சீரகம், உள்ளி அரைத்த சரக்குக் கறி, பால் சுரக்கச் சுறாப்புட்டு. தண்ணீர் அதிகம் குடிக்கவிடாத பழக்கத்தை மட்டும் வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸி அதட்டி நிறுத்தினார், பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்தை அடக்கச் சொல்லலாமா என்று. அம்மா முணுமுணுத்துக்கொண்டே சுடுதண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

இப்போது அந்த 31 நாளுக்கு யார் இருக்கிறார்கள்? அரச உத்தியோகத்தில் எங்களுக்கு 84 வேலைநாள் லீவு உண்டு, அப்பாமாருக்கு மூன்று நாள். கொழும்பு வெள்ளவத்தை பிளாட்டில் தனியாகப் பெற்றவள், கனடாவில் அம்மாவின் விசாவுக்குக் காத்திருந்தவள் என்று என் சிநேகிதிகளில் மட்டும் நாலு பேர். திருச்சியில் சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதை தெரியும்தானே, காவிரி வெள்ளத்தில் தாய் வரமுடியாமல் போக அவரே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தார் என்பது. எங்கள் திருகோணமலைச் சிவன் கோணேசர் விசாவுக்கு என்ன செய்வாரோ தெரியாது. வளைகாப்பு மண்டபத்துக்கு வந்த இருநூறு பேரில் இருபது பேர் ஆளுக்கு ஒரு நாள் சோறும் கறியும் கொண்டுவந்து, தாய் ஒரு மணித்தியாலம் படுக்கப் பிள்ளையைப் பார்த்தால் அதைச் சடங்கு என்று ஏன் எழுதமாட்டீர்கள்?

எங்கள் வீட்டில் மண்டபம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. பத்திரகாளி அம்மனுக்கு ஓர் அர்ச்சனை, அவ்வளவுதான். மாமி மட்டும் கேட்காமல் இரண்டு டசின் கண்ணாடிக் காப்பு வாங்கி வைத்திருக்கிறாராம், தங்கையும் ஆசையாகத்தான் இருக்கிறாள், போடட்டும். பிள்ளை பிறக்கமுன் புது உடுப்பு வாங்கக்கூடாது என்பதால் அம்மா தன் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, அவித்துத் தோய்த்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.